பள்ளிக்கூட பாண்டுக்கு 'நோ' போட நினைக்கிறேன், மறுத்துப் பேச யாராவது இருக்கிறீர்களா?

வேம்பு:

கலிஃபோர்னியாவில் ஈஸ்ட் பே பக்கம் இருக்கிறோம். எங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் போர்டு, அதாவது வட்டாரப் பள்ளிகளை நடத்துகிற குழு, போன வாரம் கூடி, நவம்பர் தேர்தலில் மக்கள் யெஸ் அல்லது நோ போட இரண்டு மெஷர், அதாவது தீர்மானம், வைப்பதென்று முடிவு செய்துவிட்டது. ஒன்று கட்டடங்களுக்குக் கடன் வாங்குகிற பாண்ட், இன்னொன்று நிலத்துண்டுகளுக்குப் போடுகிற பார்சல் டாக்ஸ் என்ற வரி. இரண்டுமே "நம் பிள்ளைகளுக்காக" என்ற தலைப்பில்தான் வருகிறது, அதனால் கேள்வி கேட்கிறவன் பிள்ளைகளுக்கு எதிரி என்று ஆகிவிட்டது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் யெஸ் போஸ்டரைப் போட்டார். "போன பாண்டில் வாங்கின பணம் எதற்குப் போனது, யாருக்காவது தெரியுமா" என்று மட்டும்தான் கேட்டேன். "டெஸ்லா வாங்கக் காசு இருக்கு, ஸ்கூலுக்குக் கொடுக்க மனசில்லையா" என்று பதில் வந்தது. நான் ஓட்டுவது பழைய கேம்ரி, அதை விடுங்கள்.

எனக்கு உறுத்துவது இதுதான். பள்ளிகளில் பிள்ளைகள் எண்ணிக்கை வருஷா வருஷம் குறைகிறது, சில எலிமெண்டரி பள்ளிகளை மூடலாமா என்று போர்டே பேசிக்கொண்டிருக்கிறது. அதே போர்டுதான் புதுக் கட்டடம் கட்டக் கடன் கேட்கிறது. போன பாண்டின் பட்டியலைத் தேடி எடுத்துப் பார்த்தேன்: கூரை, ஏசி, கழிவறை, தீ அலாரம். இந்தப் பட்டியலிலும் அதேதான், சில பள்ளிகளின் பெயர்கூட மாறவில்லை. அப்போது செய்யாமல் விட்டார்களா, இல்லை செய்தது அதற்குள் பழுதாகிவிட்டதா? எங்கும் ஒரு வரி விளக்கம் கிடையாது.

வீட்டில் மனைவி யெஸ் கட்சி. "நாம் ரெண்டு பேருமே அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்கள், அதை மறந்துட்டுப் பேசாதீங்க" என்கிறாள். நியாயம்தான், ஆனால் கடன் பத்திரத்துக்கு அது பதில் இல்லையே. நோ போடுவதென்றால் காரணத்தோடு போட வேண்டும் என்று நினைக்கிறேன். எதைப் படிக்க வேண்டும், எங்கே பார்க்க வேண்டும்? நான் யோசிப்பது தப்பு என்றாலும் சொல்லுங்கள், கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

கணக்குப்புலி:

முதலில் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள், பிரசாரத்தில் வேண்டுமென்றே ஒன்றாகக் கட்டித்தான் விற்பார்கள். பாண்ட் என்றால் கடன். டிஸ்ட்ரிக்ட் இன்றைக்கு வாங்கிச் செலவழிக்கும், வீடு வைத்திருப்பவர்கள் இருபத்தைந்து முப்பது வருஷம் பிராபர்ட்டி டாக்ஸ் பில்லில் வட்டியோடு கட்டுவார்கள். முன்பெல்லாம் இதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், 2000 நவம்பரில் ப்ராப் 39 என்று மாநிலம் முழுக்க ஓட்டுக்கு விட்ட தீர்மானம் வந்த பிறகு 55 சதவீதம் போதும். அந்தச் சலுகைக்கு ஈடாகச் சில கட்டுப்பாடுகள் வைத்தார்கள், அதில் முக்கியமானது ஆசிரியர் சம்பளத்துக்கு அந்தப் பணத்தில் ஒரு டாலர்கூடப் போகக் கூடாது என்பது. ஆகவே "நல்ல டீச்சர்களைத் தக்கவைக்க பாண்டுக்கு யெஸ்" என்று யாராவது உங்கள் குழுவில் எழுதினால் அவர் மெஷரைப் படிக்கவே இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம்.

பார்சல் டாக்ஸ் அப்படியில்லை, அது சம்பளத்துக்கும் போகலாம். ஆனால் பெரும்பாலான இடங்களில் ஒரு நிலத்துண்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை, ஆபீஸ் வளாகமும் ஒரு பெட்ரூம் காண்டோவும் ஒன்றுதான். போர்டு தானே வைக்கிற பார்சல் டாக்ஸுக்கு இன்னும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

இப்போது கணக்கு. யூனிஃபைடு டிஸ்ட்ரிக்ட்டில், அதாவது எலிமெண்டரியிலிருந்து ஹைஸ்கூல்வரை ஒரே டிஸ்ட்ரிக்ட்டாக இருக்கிற இடத்தில், இந்த 55 சதவீத வகைப் பாண்டுக்கு, வரி மதிப்பில் ஒரு லட்சம் டாலருக்கு வருஷம் 60 டாலர் என்பது உச்சவரம்பு. உங்கள் வீட்டின் வரி மதிப்பு 12 லட்சம் என்றால் 720 டாலர் வரைக்கும் வரலாம். இது ஒரு மெஷருக்கு. பழைய பாண்டுகள் தீரும்வரை அவையும் பில்லில் கூடவே இருக்கும், டாக்ஸ் பில்லை எடுத்து வரி வரியாகப் பாருங்கள், எத்தனை இருக்கிறதென்று உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். அப்புறம் போஸ்டரில் போடுகிற தொகை அசல் மட்டும்தான். 500 மில்லியன் டாலரை 4 சதவீத வட்டியில் 30 வருஷம் சமமான தவணையாகக் கட்டினால் மொத்தம் 870 மில்லியன் பக்கம் போகும். அசலும் வட்டியும் சேர்ந்த மதிப்பீட்டை வாக்காளர் கையேட்டில் டாக்ஸ் ரேட் ஸ்டேட்மெண்ட் என்ற பக்கத்தில் அவர்கள் போட்டே ஆக வேண்டும். யாரும் புரட்டாத பக்கம் அது. அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

இன்னொன்று, பட்டியலில் கம்ப்யூட்டர், டேப்லெட் இருக்கிறதா பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் டிஸ்ட்ரிக்ட் 2013-இல் பாண்ட் பணத்தில் ஐபேட் வாங்க ஆரம்பித்து, 2014-இல் அந்த ஒப்பந்தத்தையே நிறுத்தியது. நாலைந்து வருஷத்தில் குப்பைக்குப் போகிற சாமானுக்கு நீண்ட நாள் கடன் வாங்குவதை எந்த வீட்டிலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

என் ஓட்டு நோ. உங்கள் டிஸ்ட்ரிக்ட் பள்ளிகளை மூடிக்கொண்டே கட்டுகிறது என்றால் இரண்டு மடங்கு நோ.

டீச்சரம்மா:

நான் ஒரு எலிமெண்டரியில் கிளாஸ்ரூம் எய்ட், வகுப்பில் ஆசிரியருக்கு உதவியாள். கணக்குப்புலி சார் எழுதின கணக்கில் தப்பு இல்லை, அதில் வராதவற்றைச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது போர்ட்டபிள் கட்டடத்தில். தற்காலிகம் என்று என்றைக்கோ கொண்டுவந்து இறக்கினது. செப்டம்பர் வெயிலில் ஏசி நின்றால் மத்தியானத்துக்கு மேல் எந்தக் குழந்தையும் பாடத்தைக் கவனிக்காது, எங்களாலும் முடியாது. பிள்ளைகள் குறைகிறார்கள் என்கிறீர்கள், உண்மைதான், மாநிலம் முழுக்கவே 2014-15-இல் 62 லட்சத்துக்கு மேல் இருந்தது 2023-24-இல் 58 லட்சம் பக்கம் வந்துவிட்டது. ஆனால் நூறு பேர் குறைந்தார்கள் என்பதற்காகக் கூரை ஒழுகுவது குறையாது. மிச்சம் இருக்கிற பிள்ளைகள் அதன் கீழேதான் உட்கார வேண்டும்.

அப்புறம் 2024 நவம்பரில் ப்ராப் 2 என்று 10 பில்லியன் டாலர் மாநில பாண்ட் பாஸ் ஆனது நினைவிருக்கும். அந்தப் பணம் சும்மா வராது. டிஸ்ட்ரிக்ட் தன் பங்கைப் போட்டால்தான் மாநிலம் தன் பங்கைப் போடும், பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கிற வேலைக்கு மாநிலத்தின் பங்கு 60 சதவீதத்துக்குக் குறையாது. இங்கே பாண்ட் தோற்றால் நம் பங்குக்குக் காசு இருக்காது, நாம் கட்டுகிற மாநில வரி பாண்ட் பாஸ் பண்ணின பக்கத்து டிஸ்ட்ரிக்ட்டுக்குப் போகும். நோ போட்டால் பணம் மிச்சம் என்று நினைப்பவர்கள் இதையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

பணம் கொடுத்தால் படிப்பு வராது என்று அடுத்து யாராவது எழுதுவார்கள், அதற்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 2016-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பள்ளி வாழ்க்கையின் பன்னிரண்டு வருஷமும் செலவு 10 சதவீதம் கூடுதலாக இருந்த பிள்ளைகள் பெரியவர்களானபோது அவர்கள் சம்பளம் சுமார் 7 சதவீதம் அதிகமாக இருந்தது தெரிந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். பாண்ட் பாஸ் ஆன டிஸ்ட்ரிக்ட்டுகளில் வீட்டு விலை ஏறியதை இதே கலிஃபோர்னியாவை வைத்து 2010-இல் காட்டியிருக்கிறார்கள். 720 டாலர் பற்றிப் பேசுகிறவர்கள் அதையும் பேசலாமே.

கணக்குப்புலி:

அந்த 2016 ஆய்வு நல்ல ஆய்வுதான். ஆனால் அதில் வருகிற கூடுதல் பணம் பெரும்பாலும் ஆசிரியர் சம்பளத்துக்கும், வகுப்பில் பிள்ளைகளைக் குறைப்பதற்கும், பள்ளி நாட்களைக் கூட்டுவதற்கும் போனது. பாண்ட் பணத்தில் இவற்றில் எதையும் செய்ய முடியாது. அதை வைத்து பார்சல் டாக்ஸுக்கு வேண்டுமானால் யெஸ் கேளுங்கள், பாண்டுக்குக் கேட்காதீர்கள். 2010 ஆய்விலும் விலை ஏறியது தெளிவாகத் தெரிந்தது, தேர்வு மதிப்பெண்ணில் அவ்வளவு தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. வீட்டு விலை ஏறுகிறது என்பதற்காகப் பள்ளி பாண்டுக்கு ஓட்டுப் போடச் சொல்வது எனக்கு உவப்பாக இல்லை. வாடகைக்கு இருக்கிறவர்களிடம் போய் இதைச் சொல்ல முடியுமா?

கட்டடம் மட்டும் படிப்பை உயர்த்தாது என்பதற்குப் பழைய உதாரணம் கேன்ஸஸ் சிட்டி, மிஸ்ஸூரி. கோர்ட் உத்தரவால் பன்னிரண்டு வருஷத்தில் 2 பில்லியன் டாலர் பக்கம் கொட்டினார்கள், ஒலிம்பிக் அளவு நீச்சல் குளம்வரை கட்டினார்கள், மதிப்பெண் அசையவில்லை. 1995-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு அதைக் கட்டுப்படுத்தியது.

பார்சல் டாக்ஸ் ஏன் இப்போது வருகிறது என்பதையும் கேளுங்கள். கோவிட் காலத்தில் மத்திய அரசு மூன்று தவணையாகப் பள்ளிகளுக்கு 190 பில்லியன் கொடுத்தது. அந்தக் காசு ஒருமுறை வருகிற காசு என்று தெரிந்தும் நிரந்தர வேலைகளுக்கு ஆள் எடுத்த டிஸ்ட்ரிக்ட்டுகள் உண்டு, 2024 செப்டம்பரோடு அந்தக் கணக்கு முடிந்தது. அப்புறம் ஓய்வூதியம். ஆசிரியர் பென்ஷனுக்கு டிஸ்ட்ரிக்ட் கட்டுகிற பங்கு 2013-14-இல் சம்பளத்தில் 8.25 சதவீதம், இன்றைக்கு 19.1. புதுப் பணம் வகுப்பறைக்குப் போகிறதா, பழைய பாக்கிக்குப் போகிறதா என்று கேட்பதில் என்ன தப்பு?

டீச்சரம்மா:

கேட்பதில் தப்பில்லை. ஆனால் இங்கே ஆசிரியர்களுக்கு அந்த வேலையில் சோஷியல் செக்யூரிட்டி என்ற மத்திய அரசு ஓய்வூதியம் கிடையாது, அந்தப் பென்ஷன்தான் எல்லாம், அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

டல்லாஸ்காரன்:

டெக்ஸஸ் பக்கத்திலிருந்து ஒரு தகவல். இங்கே 2019-இல் வந்த ஒரு சட்டத்தால் எந்தப் பள்ளி பாண்ட் வைத்தாலும் ஓட்டுச் சீட்டிலேயே "இது சொத்து வரி உயர்வு" என்று அச்சடிக்க வேண்டும். பழைய கடன் தீர்வதால் வரி விகிதம் ஏறாது என்றாலும் அந்த வாசகம் இருக்கும், டிஸ்ட்ரிக்ட்டுகள் இன்னும் அதைத் திட்டிக்கொண்டிருக்கின்றன. அதோடு கால்பந்து ஸ்டேடியத்தைத் தனி மெஷராக வைக்க வேண்டியதும் வந்தது. நல்ல ஏற்பாடு. வகுப்பறைக்கு யெஸ், ஸ்டேடியத்துக்கு நோ என்று நிம்மதியாகப் போட்டுவிட்டு வர முடிகிறது. எங்கள் டிஸ்ட்ரிக்ட்டில் அப்படிப் போட்டோம், ஸ்டேடியமும் பாஸ் ஆகிவிட்டது, டெக்ஸஸ் அல்லவா.

காத்திருப்பவன்:

ஹெச்1பி ஆள். எனக்கு ஓட்டு இல்லை, ஆனால் பில் உண்டு. கிரீன் கார்டு வந்தாலும் ஓட்டு வராது, சிட்டிசன் ஆக வேண்டும். சான் ஃப்ரான்ஸிஸ்கோவில் 2016-இல் பாஸ் ஆன ஒரு மெஷரால் சிட்டிசன் இல்லாத பெற்றோரும் ஸ்கூல் போர்டு தேர்தலில் ஓட்டுப் போடலாம், அதுவும் போர்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க மட்டும்தான், பாண்டுக்கு இல்லை.

யாரும் பேசாத ஒரு விஷயம், இந்தச் சுமை யார் தலையில் இறங்குகிறது என்பது. 1978-இல் வந்த பழைய ப்ராப் 13 இருக்கிறதே, அதனால் வீட்டின் வரி மதிப்பு வாங்கின விலையிலிருந்து வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. எங்கள் தெருவில் ரொம்ப காலமாக இருக்கிறவர் வீடும் என் வீடும் ஒரே அளவு, ஒரே வருஷம் கட்டினது. அவருடைய வரி மதிப்பு 3 லட்சம் என்றால் அந்த 60 டாலர் கணக்கில் அவருக்கு 180, எனக்கு 700-க்கு மேல். பாண்டுக்கு அவருக்கு ஓட்டு உண்டு, எனக்கு இல்லை. நம் ஆட்களில் பாதிப் பேர் கடைசியில் வந்து உச்ச விலையில் வீடு வாங்கினவர்கள், அதனால் பாண்ட் வரியில் பெரிய பங்கு நம்முடையதாகத்தான் இருக்கும். கொடுக்க மனசில்லை என்று என்னைச் சொல்லாதீர்கள், என் பெண்ணும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள். ஆனால் இதை எந்த போஸ்டரும் சொல்வதில்லை. இதைச் சரிசெய்யத்தான் 2020-இல் ப்ராப் 15 வந்தது, பெரிய வணிகக் கட்டடங்களையாவது இன்றைய விலையில் மதிப்பிடலாம் என்று, அதுவும் 52-க்கு 48 என்று தோற்றுப்போனது.

அரைக்கிழவர்:

நான் வேறொரு டிஸ்ட்ரிக்ட்டில் பாண்ட் மேற்பார்வைக் கமிட்டியில் இருந்தவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"சிட்டிசன் கமிட்டி கண்காணிக்கும்" என்று மெஷரில் எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். சட்டப்படி குறைந்தது ஏழு பேர்: வரி கட்டுவோர் சங்கத்திலிருந்து ஒருவர், மூத்தோர் அமைப்பிலிருந்து ஒருவர், வியாபாரத் தரப்பில் ஒருவர், பெற்றோர் இருவர் இப்படி. அவர்களை நியமிப்பது யார் தெரியுமா, அவர்கள் கண்காணிக்க வேண்டிய அதே போர்டு. கமிட்டி செலவான பிறகுதான் பார்க்கும், எதையும் நிறுத்த அதிகாரம் கிடையாது. எங்களுக்குக் கொடுத்த காகிதங்கள் எல்லாம் முடிந்துபோன கதை. ஒப்பந்தம் ஏன் இவ்வளவு ஏறியது என்று கேட்டால் "அடுத்த கூட்டத்தில் சொல்கிறோம்" என்பார்கள், அடுத்த கூட்டத்துக்கு வேறு அதிகாரி வருவார்.

ஆனாலும் அந்தச் சட்டம் கொடுத்த ஒரு நல்ல கருவி இருக்கிறது: வருஷா வருஷம் நிதி தணிக்கையும் செயல்பாட்டுத் தணிக்கையும் கட்டாயம். போன பாண்டின் செயல்பாட்டுத் தணிக்கையை வேம்பு சார் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் தேடட்டும். பட்டியலில் இருந்த வேலைகளில் எது முடிந்தது, எது தள்ளிப்போனது என்று ஓரளவு அதில் கிடைக்கும். கிடைக்கவில்லை என்றால் அதுவே நோ போடப் போதுமான காரணம் என்பேன்.

அடுத்தது புதுப் பட்டியலின் வாக்கியங்கள். "எல்லாப் பள்ளிகளிலும் தேவைக்கேற்பப் பழுதுபார்க்க, புதுப்பிக்க அல்லது புதிதாகக் கட்ட" என்று இருந்தால் அது பட்டியல் இல்லை, வெற்றுக் காசோலை. எந்தப் பள்ளி, என்ன வேலை, சுமாராக எவ்வளவு, எந்த வரிசையில் என்று எழுதுகிற டிஸ்ட்ரிக்ட்டுகளும் இருக்கின்றன, நானே அப்படிப்பட்ட ஒன்றுக்கு யெஸ் போட்டிருக்கிறேன்.

கடன் வாங்குகிற விதத்தையும் பாருங்கள். சான் டியேகோ பக்கத்தில் போவே டிஸ்ட்ரிக்ட் 2011-இல் 105 மில்லியன் வாங்கியது. முதல் இருபது வருஷம் கட்ட வேண்டாம் என்று ஒப்பந்தம், அதனால் அப்போது யாருக்கும் வலிக்கவில்லை. கடைசியில் திருப்பிக் கட்ட வேண்டியது 980 மில்லியனுக்கு மேல். ஓட்டுப் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கட்டுவார்கள். அந்த அமளிக்குப் பிறகு 2013-இல் சட்டம் போட்டு, திருப்பிக் கட்டுவது அசலைப் போல நாலு மடங்குக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். நாலு மடங்கே அனுமதி என்பதை யோசித்துப் பாருங்கள்.

கடைசியாக, இதுதான் அவசரம். போர்டு போன வாரம்தான் முடிவு செய்தது என்கிறீர்கள். அப்படியென்றால் வாக்காளர் கையேட்டில் எதிர்வாதம் எழுத இன்னும் நேரம் இருக்கலாம். 300 வார்த்தைக்குள் எழுதிக் கவுண்டி தேர்தல் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும், டிஸ்ட்ரிக்ட்டில் ஓட்டுள்ள யாரும் கொடுக்கலாம், காசு கிடையாது. யாருமே கொடுக்கவில்லை என்றால் கையேட்டில் ஆதரவு வாதம் மட்டும் அச்சாகும். பல பாண்டுகள் எதிர்வாதமே இல்லாமல் பாஸ் ஆவதற்கு இதுதான் காரணம், மக்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள் என்பதல்ல. கெடு சில நாள்தான் இருக்கும், இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள்.

ஆங், இன்னொன்று. வீட்டுக்கு டிஸ்ட்ரிக்ட் செலவில் பளபளப்பாக "தகவல் அறிக்கை" என்று ஒன்று வரும். பொதுப் பணத்தில் ஓட்டுக் கேட்கக் கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1976-லேயே சொல்லிவிட்டது. அதனால் "யெஸ் போடுங்கள்" என்ற வரி மட்டும் அதில் இருக்காது, மற்ற எல்லாம் இருக்கும்.

டீச்சரம்மா:

அரைக்கிழவர் சார் சொன்ன மாதிரியான எதிர்ப்பு எனக்குச் சம்மதம். தணிக்கையைப் படித்துவிட்டு நோ போடுகிறவரோடு நான் சண்டை போட மாட்டேன். என் கோபம் ஒன்றையும் படிக்காமல் "வரி என்றால் நோ" என்கிறவர்கள் மேல். ஆனால் ஒரு கேள்வி: இது தோற்றால் அடுத்து என்ன? 2026-இல் தோற்றால் 2028-இல் கொண்டுவருவார்கள், அதற்குள் கட்டுமானச் செலவு இன்னும் ஏறும். அந்த இரண்டு வருஷம் படிக்கிற பிள்ளைகளுக்கு நோ போட்டவர்கள் என்ன சொல்வார்கள்?

வேம்பு:

எல்லாருக்கும் நன்றி. மேடம் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் ஒழுகுகிற கூரையை முதல் பாண்டிலேயே சரிசெய்திருக்க வேண்டியவர்கள் போர்டுதான். அதற்குக் கணக்குச் சொல்லாமல் அடுத்த கடன் கேட்கும்போது, இரண்டு வருஷத் தாமதத்தின் பொறுப்பை ஓட்டுப் போடுகிறவன் தலையில் வைப்பதை ஏற்க முடியவில்லை. மாநிலப் பங்கு பற்றிச் சொன்னது மட்டும் என்னை யோசிக்க வைத்தது, அதனால் குறிப்பாகப் பள்ளிவாரியாகப் பட்டியல் போட்ட, சின்னத் தொகைக்கான பாண்டைக் கொண்டுவந்தால் யெஸ் போடுவேன் என்று எதிர்வாதத்திலேயே எழுதப்போகிறேன்.

தணிக்கையைத் தேடினேன். நிதி தணிக்கை எல்லா வருஷத்துக்கும் இருக்கிறது. செயல்பாட்டுத் தணிக்கையில் கடைசி இரண்டு வருஷத்தைக் காணோம். டிஸ்ட்ரிக்ட்டுக்கு மெயில் போட்டிருக்கிறேன்.

பாண்டுக்கு நோ. பார்சல் டாக்ஸுக்கு யெஸ் போடப்போகிறேன், ஒரே தொகை என்பது பிடிக்கவில்லைதான், ஆனால் சில வருஷத்தில் தானே முடிகிறது, வகுப்பறையில் இருக்கிற ஆட்களுக்குப் போகிறது, பிடிக்காவிட்டால் அடுத்த முறை நிறுத்திவிடலாம். கணக்குப்புலி சார் திட்டுவார்.

கணக்குப்புலி:

திட்டவில்லை. மூத்தோர் விலக்கு இருக்கிறதா, எத்தனை வருஷத்துக்கு, வருஷா வருஷம் தொகை தானாக ஏறுமா, இந்த மூன்றையும் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

அரைக்கிழவர்:

கவுண்டிக்குப் போன் போட்டீர்களா இல்லையா, அதை முதலில் சொல்லுங்கள்.

வேம்பு:

போட்டேன். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிவரை. இன்று ராத்திரி எழுதி இங்கே போடுகிறேன், 300 வார்த்தைக்கு மேல் போனால் வெட்டித் தாருங்கள். ஆங்கிலத்தில்தான் எழுதப்போகிறேன், கையெழுத்துப் போடப் பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியாரும் வருகிறேன் என்றிருக்கிறார்.